டார்க் மேட்டர் வெளிச்சமே விடாதுன்னா காமா கதிர்ல அதை எப்படி தேடறாங்க? இதுவரைக்கும் ஏதாவது சிக்கியிருக்கா?

இதே கேள்வி எனக்கும் ரொம்ப நாள் இருந்துச்சு, எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பையே எடுத்ததுக்கு அதுதான் காரணம். டார்க் மேட்டர்ங்கறது ஈர்ப்பு விசையை வச்சு மட்டும் இருக்குன்னு தெரியற, கண்ணுக்குத் தெரியாத பொருள், அது சும்மா இருக்கறப்ப வெளிச்சம் விடாதுங்கறது சரிதான். ஆனா அது விம்ப்னு சொல்ற கனமான துகளா இருந்தா, ரெண்டு துகள் ஒண்ணோட ஒண்ணு முட்டினா ரெண்டுமே அழிஞ்சு போயிடும், அந்த எனர்ஜி, புரோட்டானுக்குள்ள இருக்கற குவார்க் மாதிரி நமக்குத் தெரிஞ்ச துகள்களா மாறும், அதுங்களும் சிதைஞ்சு கடைசியில காமா கதிர், அதாவது ரொம்ப அதிக எனர்ஜி உள்ள ஒளி, வரும். அந்தக் காமா கதிரைத்தான் தேடறாங்க. அதுக்கு மின்னூட்டம் கிடையாது, அதனால வழியில எந்த காந்தப்புலமும் அதை வளைக்காது, கிளம்பின இடத்துலேந்து நேரா வந்து சேரும். பாசிட்ரானை, அதாவது பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ள எலக்ட்ரானை, வச்சு தேடறவங்களுக்கு இந்த வசதி கிடையாது, அது சுத்தி வளைஞ்சு எங்கேந்து வந்துச்சுன்னே தெரியாம வரும்.

முட்டறதுக்கு ரெண்டு துகள் வேணும்ல, அதனால அடர்த்தி ரெண்டு மடங்கானா கதிர் நாலு மடங்காகும். அப்ப டார்க் மேட்டர் நெருக்கமா குவிஞ்சு கிடக்கற இடத்தைத்தான் பார்க்கணும், நமக்குப் பக்கத்துல அப்படி இருக்கறது 26,000 ஒளியாண்டு தூரத்துல இருக்கற பால்வீதியோட மையம்.

இதுல பெரிய வேலை பார்த்தது 2008 ஜூன்ல ஏவின ஃபெர்மி விண்வெளி தொலைநோக்கி. தொலைநோக்கின்னு பேரே தவிர அதுல லென்ஸும் இல்ல கண்ணாடியும் இல்ல, ஏன்னா காமா கதிரை எதுவும் வளைச்சு குவிக்காது. மெல்லிசான டங்ஸ்டன் தகடுகளை அடுக்கி வச்சிருக்காங்க, காமா கதிர் அதுல மோதினா எலக்ட்ரான் பாசிட்ரான் ஜோடியா பிரியும், அந்த ஜோடி போன தடத்தை சிலிக்கான் பட்டைகள் பதிவு பண்ணும், அதை வச்சு எந்த திசையிலேந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கறாங்க. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை முழு வானத்தையும் பார்த்துடும். அந்த டேட்டாவை யார் வேணாலும் டவுன்லோட் பண்ணிக்கலாம், எனக்கு அதுல அவ்ளோ மரியாதை உண்டு.

சிக்கியிருக்கான்னு கேட்டீங்க. 2009ல லிசா குட்எனஃப், டான் ஹூப்பர் ரெண்டு பேரும் ஃபெர்மி டேட்டாவை எடுத்து, பால்வீதி மையத்துலேந்து எதிர்பார்த்ததைவிட அதிகமா காமா கதிர் வருதுன்னு சொன்னாங்க, சில ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகளோட எனர்ஜியையும் எடையையும் சொல்ற அலகு) பக்கம் உச்சம். அப்புறம் பல குழுக்கள் தனித்தனியா பார்த்தும் அந்த எக்ஸ்ட்ரா இருக்கு, அதுல சண்டை இல்ல. சண்டை எல்லாம் அது எதுனால வருதுங்கறதுலதான். ஒரு செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவை சுத்தற மில்லிசெகண்ட் பல்சார்ங்கற செத்துப்போன நட்சத்திரங்களும் கிட்டத்தட்ட அதே எனர்ஜியில காமா கதிர் விடும், மையத்துல அது ஆயிரக்கணக்குல இருந்தாலே கணக்கு சரியாயிடும். 2015ல ரெண்டு குழு, கதிர் சீரா பரவலா இல்ல, புள்ளி புள்ளியா இருக்கு, அதனால பல்சார்தான்னு சொன்னாங்க, 2019ல ரெபெக்கா லீன், ட்ரேசி ஸ்லாட்யர் அந்த முறைகள்ல ஒண்ணே ஏமாறக்கூடும்னு காட்டினாங்க, திரும்ப வழக்கு ஓபன் ஆயிடுச்சு.

2012ல இன்னொண்ணு, 130 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்ல கூர்மையா ஒரு கோடு தெரிஞ்சுச்சு. டார்க் மேட்டர் நேரா ரெண்டு காமா கதிரா அழிஞ்சா அப்படித்தான் கோடு வரணும், வேற எதுவும் அந்த மாதிரி சுலபமா பண்ணாது, அதனால எல்லாரும் எழுந்து உட்கார்ந்தாங்க. ஆனா பூமியோட காற்று மண்டல விளிம்புலேந்து வர்ற கதிர்லயும் அதே எனர்ஜியில ஒரு மேடு தெரிஞ்சுது, அங்க டார்க் மேட்டருக்கு வேலையே இல்லியே. டேட்டா சேரச் சேர கோடு மங்கிப் போச்சு.

அதனாலதான் என்னைக் கேட்டா மையத்தைவிட குட்டி கேலக்ஸிகள் மேல எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி. பால்வீதியை சுத்தி டிராகோ, செகு 1 மாதிரி நிறைய இருக்கு, நட்சத்திரம் கம்மி, வாயு கிட்டத்தட்ட இல்ல, எடை கிட்டத்தட்ட மொத்தமும் டார்க் மேட்டர். அங்கேந்து காமா கதிர் வந்தா பழி போட வேற ஆளே கிடையாது. என் ப்ராஜெக்ட்ல நான் எடுத்தது டிராகோவைத்தான், மாசக்கணக்கா உட்கார்ந்து ஃபிட் பண்ணி கடைசியில பின்னணியைத் தவிர ஒண்ணும் இல்லன்னு வந்தப்ப மனசு உடைஞ்சு போச்சு. ஆனா அந்த ஒண்ணும் இல்லைக்கு வேலை இருக்கு. துகள் இவ்ளோ வேகமா அழிஞ்சா இவ்ளோ கதிர் வந்திருக்கணும், வரலை, அப்ப வேகம் இதுக்குக் கீழதான்னு ஒரு உச்சவரம்பு போடலாம். ஃபெர்மி குழு 2015ல 15 குட்டி கேலக்ஸிகளோட 6 வருஷ டேட்டாவை சேர்த்து இதையே பண்ணி, 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ எடை இருக்கற எளிமையான விம்ப் மாடல்களை ஓரங்கட்டினாங்க.

அதைவிட கனமான துகளுக்கு ஃபெர்மி பத்தாது, கதிர் அவ்ளோ அபூர்வமா வரும், பரப்பு பெருசா வேணும். அதுக்கு காற்று மண்டலத்தையே கருவியா வச்சுக்கறாங்க, காமா கதிர் உயரத்துல காத்து மேல மோதினா சில நானோசெகண்ட் மட்டும் செரன்கோவ் ஒளி நீலமா மின்னும், தரையில இருக்கற கண்ணாடிகள் அதைப் பிடிக்கும். நமீபியாவுல இருக்கற ஹெஸ் அப்படித்தான் வேலை செய்யுது, அடுத்தது சிலியிலயும் ஸ்பெயினோட லா பால்மா தீவுலயும் கட்டிட்டு இருக்கற சிடிஏஓங்கற செரன்கோவ் தொலைநோக்கி வரிசை.

என்னை நம்ப வைக்க ஒரே விஷயம் போதும், மையத்துல தெரியற அதே எனர்ஜி வடிவம் ஒரு குட்டி கேலக்ஸியிலயும் தெரியணும். இன்னும் தெரியலை.