பற்றாசு உருண்டு நிற்பது ஏன்?

வெள்ளி மோதிரத்தின் இணைப்பில் பற்றாசு (உலோக முனைகளை ஒட்ட உருக்கிச் சேர்க்கும் கலப்புலோகம்) ஓடாமல் மணியாக உருண்டு நிற்கிறதே, அதன் தரம் குறைவோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஐயுறுவதுபோல் அதன் தரம் காரணமன்று. சுடரைப் பற்றாசுத் துணுக்கின்மீதே காட்டுவதால் அது உருகிவிட, சுற்றியுள்ள வெள்ளி அந்தச் சூட்டை எட்டாமல் இருக்கிறது. பற்றாசு சூடு மிகுந்த பக்கமே ஓடும்.

முனைகளை அரத்தால் தேய்த்து, இடைவெளியில் வெளிச்சம் தெரியாதபடி பொருத்தி, வெங்காரக் குழம்பு (பற்றாசு ஓட உதவும் போராக்ஸ் உப்பின் கரைசல்) பூசுங்கள். பிறகு மோதிரம் முழுவதையும் சுடரைச் சுழற்றிச் சூடாக்கி, வெங்காரம் கண்ணாடிபோல் தெளிந்த பின்னரே இணைப்புக்கு வாருங்கள். உங்கள் பட்டறை புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டியிருப்பதால், சன்னலை மூடிவிட்டும் ஒருமுறை முயலுங்கள். மாலைக் கடற்காற்று சூட்டைக் கலைத்துவிடும்.

தூய வெள்ளி ஏறத்தாழ 961 டிகிரி செல்சியஸில் உருகும்; ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளியோடு செம்பு கலந்த 925 வெள்ளியோ அதற்கு முன்பே இளகத் தொடங்கும். ஆகவே மேற்பரப்பு பளபளத்து நெகிழ்வதைக் கண்டால் உடனே தீயை விலக்குங்கள்.