குதிரைக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தம்பி

தம்பி, பிரிட்டனில் இந்தக் கார்டிஃப் நகருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பக்கத்து வீட்டு அம்மா உங்கள் குழந்தையைப் பார்க்க வந்து ஒரு பெரிய காசைக் கையில் வைத்துவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தீர்கள். எத்தனை பென்ஸ் என்றே அதில் இல்லை, இது வெள்ளியா, கடையில் வாங்குவார்களா, பதிலுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். இதே ஊரில் இருபது வருடமாக இருக்கிறேன். என் மகள் பிறந்தபோது எங்களுக்கும் அதே காசு வந்தது.

ஒரு பக்கம் ராணி குதிரைமேல் இருப்பார், 1977 என்று வருடமும் இருக்கும். மறுபக்கம் பூவேலைக்கு நடுவே கழுகு வடிவக் குப்பியும் ஒரு கரண்டியும். முடிசூட்டும்போது எண்ணெய் பூச வைத்திருப்பவை அவை. எலிசபெத் அரியணை ஏறி 25 வருடம் ஆனதற்கு வந்த வெள்ளி விழாக் காசு இது. விழாதான் வெள்ளி, காசு செம்பும் நிக்கலும் கலந்தது. நிஜ வெள்ளியிலும் அடித்தார்கள், ஆனால் அது பெட்டியில் வைத்து விற்ற தனி வகை. தராசில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது, இரண்டுமே 28.28 கிராம்.

மதிப்பு 25 பென்ஸ். பழைய கிரௌன் காசு ஐந்து ஷில்லிங், அதாவது கால் பவுண்டு. 1971-ல் ஒரு பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்ற தசமக் கணக்கு வந்ததும் அது 25 பென்ஸ் ஆனது. சட்டப்படி செல்லும் காசுதான், ஆனாலும் கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. விற்றாலும் பெரிதாக ஒன்றும் வராது, சுமார் 3.7 கோடி அடித்திருக்கிறார்கள். அபூர்வக் காசு என்று சொல்லி யாராவது நூறு பவுண்டு கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம், தயவுசெய்து அதைத் துலக்காதீர்கள். மங்கலாக இருக்கிறதே என்று குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல நான் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். குதிரையின் பிடரியில் இருந்த மெல்லிய கோடுகள்மேல் இன்றைக்கும் கீறல் தெரிகிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

பதிலுக்குப் பணமோ விலையுயர்ந்த பொருளோ கொடுக்க வேண்டாம், அவர் சங்கடப்படுவார். குழந்தை பெயரில் ஒரு நன்றிக் கார்டு எழுதுங்கள், கொஞ்சம் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போங்கள். போய் உட்கார்ந்ததும் 1977 ஜூனைப் பற்றிக் கேளுங்கள். ராணி பட்டத்துக்கு வந்தது 1952 பிப்ரவரி 6. அவருடைய அப்பா ஆறாம் ஜார்ஜ் இறந்ததும் அதே நாள்தான். திதி அன்று நாம் விழா எடுப்போமா? பெரிய கொண்டாட்டத்தையெல்லாம் ஜூனில்தான் வைத்தார்கள். தெருத் தெருவாகக் கொடி கட்டி, வீட்டு மேசைகளை வெளியே இழுத்துப் போட்டு, ஊரே சேர்ந்து சாப்பிட்டது.

நான் கேட்டபோது எங்கள் பக்கத்து வீட்டு அம்மா மாடிக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து வந்தார். நீளமான மேசை, காகிதக் கிரீடம் வைத்த பிள்ளைகள். "இவன்தான் என் மூத்தவன். அன்றைக்கு இவன் கையில் கொடுத்த காசைத்தான் உன் மகளுக்குக் கொடுத்தேன்" என்றார். எங்களுக்குக் கொடுப்பதற்கு முன்பு அவனிடமும் ஒரு வார்த்தை கேட்டாராம்.