ஜூலியா சைல்டின் காகிதங்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கத் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டிய ஜூலியா சைல்டின் சொந்தக் காகிதங்களை ஹார்வர்டில் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்களாம். புத்தகங்கள் இருக்கின்றன, நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. அப்புறம் கடிதங்களையும் கிறுக்கல்களையும் வைத்து என்ன செய்வது? பிரபலம் என்பதற்காகக் காட்டும் மரியாதைதானே?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

பிரபலத்துக்கான மரியாதையை வாஷிங்டனில் பார்க்கலாம். அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் அவருடைய சமையலறையே இருக்கிறது. காகிதங்கள் இருக்கும் ஷ்லெசிஞ்சர் நூலகம் பெண்களின் வரலாற்றுக்கென்றே உள்ளது.

பெர்னார்ட் டிவோட்டோ என்ற எழுத்தாளர், அமெரிக்கச் சமையலறைக் கத்திகள் ஒன்றுக்கும் உதவாது என்று பத்திரிகையில் பொரிந்து தள்ளியிருந்தார். பாரிஸில் அதைப் படித்த ஜூலியா, 1952இல் சின்னதாக ஒரு பிரெஞ்சுக் கத்தியை வைத்துக் கடிதம் போட்டார். பதில் எழுதியது டிவோட்டோவின் மனைவி ஏவிஸ். நேரில் சந்திக்கும் முன்பே இருவரும் ஏறக்குறைய இரண்டு வருடம் கடிதத்திலேயே நெருங்கிவிட்டார்கள். அமெரிக்கர்களுக்காகப் பிரெஞ்சுச் சமையல் புத்தகம் ஒன்றை ஜூலியா அப்போது எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கடைகளில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று ஏவிஸ் எழுதுவார். ஜூலியா செய்முறையைத் திருத்துவார். 1959இல் ஹௌட்டன் மிஃப்லின் பதிப்பகம் கையெழுத்துப் பிரதியை மறுத்துவிட, அதை நாஃப் பதிப்பகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஏவிஸ்தான். 1961இல் புத்தகம் வந்தது. நன்றியுரையில் ஏவிஸின் பெயர் உண்டு, சரி. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர் பட்ட பாடு கடிதங்களில்தான் இருக்கிறது. இதை எப்படி வெறும் மரியாதை என்று சொல்வது?

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, இருவர் எழுதியதும் தப்பியதுதான். நாம் எழுதிய கடிதம் நம் வீட்டில் இருக்காது, அடுத்தவர் பெட்டியில் கிடக்கும். ஒருவர் கிழித்துப் போட்டிருந்தாலும் பாதிப் பேச்சு போயிருக்கும். இவர்கள் இருவருமே பத்திரப்படுத்தினார்கள். இரண்டு பேர் காகிதங்களும் அதே நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

ஜூலியாவுக்குக் காகிதத்தின் அருமை தெரியும். போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத் துறையில் வேலை பார்த்தவர் அவர். நம் பக்கத்துக் கண்டியில் ரகசிய ஆவணங்களைப் பதிந்து அடுக்கும் பிரிவு அவர் பொறுப்பில்தான் இருந்தது.

கடிதங்களை ஜோன் ரியர்டன் தொகுத்து 2010இல் வெளியிட்டார். 1953 தொடக்கத்திலிருந்து படியுங்கள், சாஸ் பற்றிய அத்தியாயம் ஏவிஸ் கைக்கு வந்த சமயம் அது.