பரிபூரண வாழ்வு: விசுவாசமும் செயலும் பற்றிய கேள்வி பதில்

நிறைவான வாழ்வைக் கிறிஸ்தவ விசுவாசம் எப்படிப் புரிந்துகொள்கிறது, அதில் நம்முடைய செயலுக்கு என்ன இடம் என்பது குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். பல ஆண்டுகளாக வேதபாட வகுப்பு எடுத்துவருபவன் என்ற முறையில் இயன்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். பெரும்பாலோருக்கு மனப்பாடமாக இருப்பது அதுதான்.

கேள்வி: ஐயா, யோவான் 10:10 சொல்லும் பரிபூரண ஜீவன் என்பது செல்வமும் சுகமும்தானா? எங்கள் சபையில் அப்படித்தான் போதிக்கிறார்கள்.

பதில்: "நானோ அவைகளுக்கு ஜீவன் உண்டாயிருக்கவும், அது பரிபூரணப்படவும் வந்தேன்" என்ற இந்த வாக்கியத்துக்கு அடுத்த வசனத்திலேயே, நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிறான் என்று இயேசு சொல்கிறார். தம் உயிரைக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறவர் அதே மூச்சில் வங்கிக் கணக்கைப் பற்றி வாக்குக் கொடுத்திருப்பார் என்று என்னால் வாசிக்க முடியவில்லை. பரிபூரணம் என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள 'பெரிஸ்ஸோன்' என்ற சொல் அளவுக்கு மிஞ்சியிருப்பதைக் குறிக்கிறது. எது மிஞ்சியிருக்கும் என்பதை அதே சுவிசேஷம் 17:3-இல் விளக்குகிறது: மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்.

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானைக் கவனியுங்கள். அவன் திருடியதாகவோ யாரையும் ஏமாற்றியதாகவோ ஒரு சொல்லும் இல்லை; நிலம் நன்றாக விளைந்தது, அவ்வளவுதான். ஆனால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டுவதைப் பற்றி அவன் தன்னோடு மட்டுமே பேசிக்கொள்கிறான். விளையச் செய்தவரோ, பசியோடிருக்கும் அயலானோ அந்தப் பேச்சில் வருவதில்லை. அந்தக் கதையின் தொடக்கத்தில்தான் "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல" என்று இயேசு எச்சரிக்கிறார். செல்வம் பாவமல்ல, ஆனால் செல்வமே நிறைவின் அடையாளம் என்று போதிப்பவர்கள், மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கி, ஐந்து முறை ஒன்று குறைய நாற்பதடி பட்ட பவுலின் வாழ்வை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

கேள்வி: விசுவாசத்தினால்தான் இரட்சிப்பு என்கிறார் பவுல், கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார் யாக்கோபு. இருவரும் முரண்படுகிறார்களே?

பதில்: எபேசியர் 2:8, 9 வசனங்களை மனப்பாடம் செய்யும் நாம் பத்தாம் வசனத்துக்கு முன்பாக நிறுத்திக்கொள்ளும் வழக்கத்தால் வந்த குழப்பம் இது. இரட்சிப்பு கிரியைகளினால் உண்டானதல்ல என்று எழுதிய கை எழுதிய அடுத்த வரி, "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு, தேவனுடைய செய்கையாயிருக்கிறோம்" என்பது.

இருவருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்பது இன்னும் சுவையானது. பவுல் காட்டுவது ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம்: நட்சத்திரங்களைப் பார்த்து ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) வாக்குத்தத்தத்தை விசுவாசித்தது. யாக்கோபு காட்டுவது 22-ஆம் அதிகாரம்: ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்தியது. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிராமுக்கு 86 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100 வயது. முதல் நிகழ்ச்சி இஸ்மவேலுக்கு முந்தியது, இரண்டாவது ஈசாக்கு வளர்ந்த பிறகு நடந்தது. அப்படியானால் ஒரே மனிதனுடைய ஒரே விசுவாசம் தொடங்கிய இடத்தை ஒருவரும், 14 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அது காய்த்த இடத்தை மற்றவரும் சுட்டுகிறார்கள். யாக்கோபின் நிருபத்தை 1522-இல் 'வைக்கோல் நிருபம்' என்று குறைவாக மதிப்பிட்ட மார்ட்டின் லூத்தரே, அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ள ஒன்று, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்று எழுதினார். இறையியலாளர்களின் சண்டை சில வேளைகளில் அவர்களுக்குள்ளேயே நடக்கிறது.

கேள்வி: எனக்கு 34 வயது, ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். நாள் முழுவதும் எண்களோடு போராடுவது அர்த்தமற்றதாகத் தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தால்தான் நோக்கமுள்ள வாழ்வு வாழ முடியுமா?

பதில்: தம்பி, இதே கேள்வியோடு 1785-ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளைஞர் ஒரு போதகரைத் தேடிப் போனார். போனவர் இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அப்போது அவருக்கு 26 வயது. விசுவாசம் புதிதாக உயிர்பெற்றிருந்த அந்த நாட்களில் அரசியலை விட்டு விலகிவிடலாமா என்பது அவருடைய தவிப்பு. போதகர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர். இருக்கும் இடத்திலேயே இருந்து ஆண்டவருக்கு ஊழியம் செய்யும்படி அவர் அறிவுரை சொன்னார். 1787-இல் அடிமை வணிகத்தை ஒழிப்பதைத் தம் வாழ்வின் இலக்குகளில் ஒன்றாக வில்பர்ஃபோர்ஸ் குறித்துக்கொண்டார். 1791-இல் அவருடைய தீர்மானம் தோற்றது. அதற்குப் பிறகும் பலமுறை தோற்று, 1807-இல்தான் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. அடிமைமுறையையே ஒழிக்கும் மசோதா நிறைவேறப்போவது உறுதியாகிவிட்டது என்ற செய்தி 1833 ஜூலையில் அவரை எட்டியது. மூன்று நாளில் அவர் காலமானார். அன்றைக்கு நியூட்டன் வேறு ஆலோசனை சொல்லியிருந்தால் திருச்சபைக்கு ஒரு போதகர் கூடுதலாகக் கிடைத்திருப்பார்.

'முழுநேர ஊழியம்' என்ற சொல்லாட்சியே எனக்கு உவப்பானதல்ல, ஏனெனில் மற்றவர்கள் எல்லாரும் பகுதிநேரக் கிறிஸ்தவர்கள் என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. மனிதன் பாவத்தில் விழுவதற்கு முன்பே தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" வைக்கப்பட்டான். ஆகவே உழைப்பு சாபத்தின் விளைவு அன்று, அதில் வந்து சேர்ந்த வேர்வையும் முள்ளும்தான் சாபத்தின் விளைவு. "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்ற கொலோசெயர் வசனம் அடிமைகளாக வேலை செய்தவர்களுக்கு எழுதப்பட்டது. தங்கள் வேலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. பொய்க்கணக்கு எழுத மறுக்கும் ஒரு கணக்காளரை நம்பி எத்தனை பேருடைய சம்பளமும் சேமிப்பும் இருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். அழைப்பு உண்மையானதாக இருந்தால் வேலையை விடலாம். சலிப்பு மட்டுமே காரணமாக இருந்தால், அந்தச் சலிப்பு உங்களோடு ஊழியத்துக்கும் வந்து சேரும்.

கேள்வி: எரேமியா 29:11-ஐச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறேன். ஆனாலும் தேவசித்தம் எதுவென்று தெரியாமல் எந்த முடிவையும் எடுக்க முடியவில்லை. தவறான வழியில் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்று தேவன் சொல்லும் அந்த வசனத்துக்கு மேலேயும் கீழேயும் உள்ளவற்றையும் சுவரில் மாட்டியிருந்தால் பயம் குறைந்திருக்கும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். பத்தாம் வசனத்தின்படி விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும்; அதாவது, கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் அதைக் காணப்போவதில்லை. அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறார். எதிர்காலத்தைத் தேவன் தம் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்குச் செய்ய வேண்டியதை அவர்கள் கையில் கொடுக்கிறார். நாமோ இதைத் தலைகீழாக்கி, எதிர்காலத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புகிறோம். கொஞ்சம் கடுமையாகச் சொன்னால், வேதத்தை வைத்துக் குறி கேட்கிறோம்.

பாவமல்லாத இரண்டு வழிகளுக்கு நடுவில் நின்றால், ஜெபித்து, உங்களை நன்றாக அறிந்த இருவரிடம் கேட்டு, ஒன்றைத் துணிந்து தேர்ந்துகொள்ளுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தோலிக்கரான லொயோலா இஞ்ஞாசியார் தந்த ஒரு விதியும் உதவும்: மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதீர்கள். நான் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவன்; ஆனாலும் இந்த விதி என்னை இருமுறை பெரும் தவறுகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

கேள்வி: ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைச் சந்திப்பது என்று வாரம் முழுவதும் சபைக்காக ஓடுகிறேன். இப்போது ஜெபிக்கவே மனம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: விசுவாசம் போனதற்கு முன் உறக்கம் போயிருக்கிறதா என்று பாருங்கள். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவன் அனுப்பிய தூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை; தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து எழுப்பினான், சாப்பிட்ட பிறகு மீண்டும் தூங்கவிட்டான், இரண்டாம் முறை எழுப்பியபோது "எழுந்திருந்து போஜனம்பண்ணு; நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தேவன் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

இயேசுவும் எல்லாருடைய தேவையையும் எல்லா வேளையிலும் நிறைவேற்றவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில், அதிகாலையில் தனியே ஜெபித்துக்கொண்டிருந்த அவரிடம் "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீஷர்கள் வந்து சொன்னபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடியவர்களுடைய தேவை பொய்யல்ல. ஆனால் எதற்காகப் புறப்பட்டு வந்தார் என்பது அவருக்கு அந்த ஜெபத்தில் தெளிவாக இருந்தது. நல்ல சமாரியனும் அப்படியே: காயம் கட்டினான், ஓர் இரவு பராமரித்தான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். சத்திரக்காரனை நம்பி ஒப்படைக்கத் தெரிந்ததும் அவனுடைய இரக்கத்தில் ஒரு பகுதிதான். நீங்கள் செய்யும் மூன்றில் எதை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம் என்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள். ஓய்வெடுத்த பிறகும் பல வாரங்களுக்கு மனச்சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

கேள்வி: நெடுநாள் நோயால் படுக்கையில் இருக்கிறேன். மற்றவர்கள்தான் எனக்கு எல்லாம் செய்கிறார்கள். நோக்கமுள்ள செயல் என்று நீங்கள் பேசும்போது எனக்கு வலிக்கிறது.

பதில்: உங்கள் வலிக்கு நானும் காரணமாயிருந்தால் மன்னியுங்கள். ஏதோ ஒரு நோக்கத்துக்காகத்தான் இந்த நோய் உங்களுக்குத் தரப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, யோபுவின் நண்பர்கள் அப்படிப் பேசியே கண்டிக்கப்பட்டார்கள். மாம்சத்தில் ஒரு முள் என்று தான் அழைத்த துன்பத்தை நீக்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடம் வைக்க விரும்புகிறேன். கொலோசெயர் 4:12-இல் பவுல் தம் உடன் ஊழியன் எப்பாப்பிராவைப் பற்றிக் கொலோசெ சபையாருக்கு எழுதும்போது, அவன் தன் ஜெபங்களில் உங்களுக்காக எப்பொழுதும் போராடுகிறான் என்கிறார். அதற்கு அடுத்த வசனத்தில் அதையே கடும் உழைப்பாகக் குறிப்பிடுகிறார். ஒருவருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது, வேலை செய்ய முடியாதவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட மாற்றுவேலை அன்று; பவுலின் கணக்கில் அதுவே வேலை. அதுவும் இயலாத நாட்களில், மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும். பெற்றுக்கொள்வதும் விசுவாசத்தின் செயல்தான். கிருபை என்ற சொல்லுக்கே அதுதானே பொருள்.

கேள்வி: எனக்குப் பெரிய தாலந்து எதுவும் இல்லை. என்னால் என்ன ஆகப்போகிறது?

பதில்: அந்தக் காலப் பணக்கணக்கில் ஒரு தாலந்து என்பது 6,000 தினாரியம், ஒரு தினாரியம் ஒரு நாள் கூலி, ஆக, எஜமான் மூன்று ஊழியரிடம் தாலந்துகளை ஒப்படைக்கும் மத்தேயு 25-ஆம் அதிகார உவமையில் மிகக் குறைவாகப் பெற்றவனிடம்கூடச் சுமார் இருபது ஆண்டுக் கூலி இருந்தது. ஐந்தைப் பத்தாக்கியவனுக்கும் இரண்டை நான்காக்கியவனுக்கும் எஜமான் சொன்ன பாராட்டை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே வார்த்தைகள்தான். தன் ஒரே தாலந்தைப் புதைத்துவைத்த மூன்றாமவனைக் கெடுத்தது தொகை அன்று. "நீர் கடினமுள்ள மனுஷன்" என்று எஜமானைப் பற்றி அவன் வைத்திருந்த எண்ணம்.

கேள்வி: எனக்கு 71 வயது. இனிமேல் தொடங்குவது தாமதமல்லவா?

பதில்: பார்வோன் முன் நின்றபோது மோசேக்கு 80, மலைநாட்டை எனக்குத் தாரும் என்று காலேப் கேட்டபோது 85. நீங்கள் இன்னும் இளையவர், ஐயா.

கேள்வி: இவையெல்லாம் சரி. நாளைக் காலையில் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: காலையை விட இரவில் தொடங்குவது எளிது. உறங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய நாளைக் காலையிலிருந்து வரிசையாக நினைவுகூருங்கள். எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே அன்பு தவறியது, யார் என் உதவியை எதிர்பார்த்தும் நான் கடந்துபோனேன் என்ற மூன்றை ஆண்டவர் முன் வைத்து, மன்னிப்பு வேண்டி, மறுநாள் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலைத் தாளில் எழுதுங்கள். அது குறிப்பானதாக இருக்கட்டும்: 'அன்பாக இருப்பேன்' என்று எழுதினால் பயனில்லை, 'அண்ணனை அழைத்துப் பேசுவேன்' என்று எழுதுங்கள். பழைய திருச்சபை மரபில் இதற்கு ஆன்ம சோதனை என்று பெயர். முதல் வாரம் தாளில் எழுதியதில் பாதியைக்கூட நான் செய்யவில்லை. நீங்களும் செய்யாமல் விட்டதை அடித்துவிடாமல், மறுநாள் தேதிக்குக் கீழே அதையே திரும்ப எழுதுங்கள்.