திருடுபோன ரேடியோகிராபி கேமரா: காலை வரை பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். ஜீப்பில் வைத்திருந்த ரேடியோகிராபி கேமரா (பற்றவைப்புகளைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் கருவி) இல்லை என்று தெரிந்த இந்த நிமிடமே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, காவல் நிலையம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மூன்று இடத்துக்கும் சொல்லுங்கள். 'பூட்டித்தான் வைத்திருந்தோம்' என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எடுத்தவனுக்கு உள்ளே இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள் இருப்பது அநேகமாகத் தெரியாது. கனமான பெட்டி, எடைக்குப் போடலாம் என்று நினைத்திருப்பான். எனவே பழைய இரும்புக் கடைகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 2010-இல் டெல்லி மாயாபுரியில், ஏலத்தில் போன கருவியின் கோபால்ட்-60 வெளிப்பட்டதும் அப்படி ஒரு கடையில்தான், ஒருவர் இறந்தார்.

கேமராவின் பூட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அந்த இரிடியம் கதிர்களைத் தடுக்கும் கவசத்துக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அப்போது சற்றுத் தள்ளி நின்றாலே சர்வே மீட்டர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) பெரிதாக அசையாது. அதை வைத்து 'இங்கே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். பெட்டி கிடைத்தாலும் அளந்து பார்க்காமல் யாரும் தொடக்கூடாது.