வீலிங் பழக வேண்டுமா? பின் பிரேக்கிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்திருக்கிறேன். சேர்வராயன் மலையடிவார மண்பாதைகளில் ஓட்டுகிறேன். வரப்பு, கல் குறுக்கிட்டால் முன்சக்கரத்தைத் தூக்கிக் கடக்க ஆசை. பத்திரமாகப் பழகுவது எப்படி? விடியற்காலையில் ஏற்காடு ரோட்டில் பழகலாமா?
– கன்னங்குறிச்சி வாசகர்

பதில்: ஏற்காடு ரோட்டில் வேண்டவே வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் எதிரே வரும் வண்டி கடைசி நொடியில்தான் கண்ணில் படும். பொதுச் சாலையில் வீலிங் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவிலும் வழக்கு வரும். முதல் முறையே ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காப்புக்காடும் கூடாது.

தெரிந்தவர் காட்டில் அனுமதி கேட்டுப் பழகுங்கள். மரவள்ளி பிடுங்கிய நிலம் பொலபொலவென்று இருக்கும், பின்சக்கரம் புதையும். கெட்டியான செம்மண், லேசான ஏற்றம், சுற்றிலும் கல்லோ கிணறோ இல்லாத இடம், இதுதான் சரி.

பெரும்பாலோர் ஆக்ஸிலேட்டரை முறுக்கத்தான் முதலில் கற்கிறார்கள். மல்லாக்க விழுவதும் அதனால்தான். பின்சக்கரத்தை எஞ்சின் உந்தும் வேகத்தில் முன்பக்கம் எழுகிறது. பின் பிரேக்கை மிதித்தால் அந்த விசை எதிராகத் திரும்பி, முன்பக்கம் சட்டென்று இறங்கிவிடும். வண்டி ரொம்ப நிமிர்ந்த பிறகு ஆக்ஸிலேட்டரை விடுவது மட்டும் போதாது, காப்பாற்றுவது பின் பிரேக்தான்.

அதனால் உட்கார்ந்தபடி, முதல் கியரில், நடை வேகத்தில் தொடங்குங்கள். வலது பாதம் பிரேக் பெடல் மேலேயே இருக்கட்டும். கிளட்சில் ஒரு விரல். ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டால் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) அமுங்கும். அது மேலே எழும்பும் அதே நேரத்தில் கிளட்சைக் கொஞ்சம் பிடித்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்து, கிளட்சை விடுங்கள். சக்கரம் ஒரு சாண் எழுந்ததுமே பின் பிரேக்கை மிதித்து இறக்குங்கள். எஞ்சின் நின்றாலும் பரவாயில்லை. யோசிக்காமலே கால் தானாக மிதிக்கும் வரை ஒரு சாணுக்கு மேல் தூக்காதீர்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவர்களுக்குத்தான் இடுப்பும் மணிக்கட்டும் உடைகின்றன.

சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. சுழலாத சக்கரம் தரையைத் தொட்டதும் வழுக்கும். ஹேண்டில்பாரை நேராகப் பிடித்து, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் இருக்கும்போதே இறக்கினால் அடி மெத்தென்று விழும்.

அடுத்து இதையே ஃபுட் ரெஸ்டில் நின்றுகொண்டு பழகுங்கள். ஓர் அடி உயர வரப்புக்கு, அதை நெருங்கும்போது அந்த உயரம் தூக்கினால் போதும். முன்சக்கரம் ஏறியதும் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து உடம்பை முன்னால் கொண்டு வாருங்கள், பின்சக்கரம் தானே ஏறிவிடும். தூரமாக ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுவது உங்கள் தேவைக்கு அவசியமே இல்லை.

முழு ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால், முழங்கை, முதுகுக் கவசம் எல்லாம் கட்டாயம். செருப்போடு பழகினால் பெடலிலிருந்து கால் நழுவும். தனியாகப் போகாதீர்கள். கிளட்ச் கை சோர்ந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் முன்சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பியின் சத்தம் மந்தமாகக் கேட்கும். அதை மெக்கானிக்கிடம் இறுக்கிக்கொண்டுதான் அடுத்த முறை பழக வேண்டும்.