கடிக்கிற குட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

கேள்வி: நாங்கள் செங்கோட்டை தாண்டிப் புளியரையில் இருக்கிறோம். கணவர் கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். தோப்புக்குக் காவலாக இருக்கட்டும் என்று ராஜபாளையத்தில் இருந்து ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தார். வரும்போது 40 நாள் குட்டி, இப்போது மூன்று மாதம். வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு. ஏழு வயது மகள் ஓடினால் விரட்டிப் போய்ப் பாவாடையைக் கவ்வுகிறது. கை, கணுக்கால் எல்லாம் பல் தடம். போன வாரம் ரத்தமே வந்துவிட்டது. சாரல் தொடங்கியதில் இருந்து வெளியே விட முடியவில்லை. சாயங்காலம் ஆனால் ஆளைப் பார்த்தாலே பாய்கிறது. அத்தை விளக்குமாற்றால் அடிக்கிறார், அடித்தால் இன்னும் கடிக்கிறது. கணவரோ வந்ததும் வெறுங்கையோடு அதனுடன் மல்லுக்கட்டுகிறார், கடித்தால் சிரிக்கிறார். புனலூரில் இருக்கும் நாத்தனார், "வளர்ந்தால் குதறிவிடும், இப்போதே யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறார். மகள் அழுகிறாள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, புளியரை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த ரத்தக் காயம். மற்றதை அப்புறம் பேசலாம். மகளை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதே, வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். குட்டிகளுக்கு ரேபிஸ் தடுப்பூசியே மூன்று மாதம் நிறையும்போதுதான் போடுவார்கள். உங்கள் குட்டிக்குப் போட்டாகிவிட்டதா என்று கடிதத்தில் இல்லை. டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும். ஊசி தொடங்கச் சொன்னால், அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பொதுவாக முதல் ஊசி போட்ட நாளில் இருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி வரச் சொல்வார்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள். இனி எப்போது பல் பட்டுத் தோல் கிழிந்தாலும் உடனே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. குட்டியையும் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டி, பாக்கி ஊசிகளைப் போட்டுவிடுங்கள்.

இப்போது குட்டியைப் பற்றி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது மூர்க்கமான குட்டியாகத் தெரியவில்லை. மூன்று மாதக் குட்டிக்குக் கை கிடையாது, வாய்தான் கை. தொட்டுப் பார்ப்பது, விளையாடக் கூப்பிடுவது, இழுப்பது எல்லாம் வாயால்தான். அதன் வாயில் இருக்கிற 28 பால்பற்களும் ஊசி மாதிரி கூர்மை. அதனால்தான் தாடையில் பலமே இல்லாத வயதிலும் தோல் கிழிகிறது. நாலு மாதம் ஆகும்போது இவை விழத் தொடங்கும், ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். நடுவில் ஈறு நமைச்சலில் கடி கொஞ்சம் கூடவும் செய்யும், பயப்படாதீர்கள்.

ஒரு விஷயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 40 நாளில் வாங்கியிருக்கிறீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் உடன்பிறந்த குட்டிகளிடமும் தாயிடமும்தான் கற்கின்றன. பலமாகக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்தித்தான் உங்கள் குட்டியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. விற்பவர்கள் கேட்பதில்லை, வாங்குகிறவர்களாவது கேட்க வேண்டும். சரி, விட்டுப்போன பாடத்தை இனி நீங்கள் நான்கு பேரும்தான் நடத்த வேண்டும்.

பாடம் ஒன்றே ஒன்று: பல் தோலில் பட்டால் விளையாட்டு முடிந்தது. கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால் அது துரத்தும். அசையாமல் நின்று, பேசாமல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். விடாவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடம் கழித்து வாருங்கள். வந்ததும் அது கடிக்கலாம் என்கிற ஒரு பொருளை வாயில் கொடுங்கள்: முறுக்கிக் கட்டிய பழைய துணி, கயிறு, ரப்பர் பொம்மை. அதைக் கடித்தால் தட்டிக்கொடுத்துப் பேசுங்கள். "ஆ!" என்று கத்தினால் சில குட்டிகள் நிறுத்தும், சிலவற்றுக்கு அந்தச் சத்தமே உற்சாகம். உங்களுடையது எது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

இது பலிக்காமல் போவதற்கு ஒரே காரணம்தான் இருக்கும்: வீட்டில் ஆளுக்கொரு சட்டம். இப்போது அதுதான் நடக்கிறது. உங்கள் கணவர் கடித்தால் சிரிக்கிறார், அத்தை அதே கடிக்கு அடிக்கிறார். எது சரி என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவருக்கு வலிக்காமல் இருக்கலாம், ஆனால் அவர் கையில் பழகுகிற விளையாட்டைத்தான் அது மகளிடம் போய் விளையாடுகிறது. ஒரு வயதில் அதன் தோள் உயரமே இரண்டடிக்கு மேல் இருக்கும். அன்றைக்கு இதே விளையாட்டு விளையாட்டாக இருக்காது. அவர் மல்லுக்கட்டட்டும், கையால் வேண்டாம், ஒரு முழம் நீளமுள்ள தடித்த கயிற்றால். பல் கையில் பட்ட நொடியில் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

அத்தையிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், அடி வேண்டாம் என்று. அடிக்கிற விளக்குமாற்றைக் குட்டி விளையாட்டாக எடுத்துக்கொண்டால் இன்னும் பாயும், பயமாக எடுத்துக்கொண்டால் கை ஓங்குகிறவரைக் கண்டதும் தற்காப்புக்குக் கடிக்கப் பழகும். இரண்டாவதுதான் ஆபத்து. மூக்கில் தட்டுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கப் போட்டு அமுக்குவது, மிளகாய்ப்பொடி தடவுவது எல்லாம் இதே வகைதான்.

சாயங்காலப் பாய்ச்சலுக்குப் பாதிக் காரணம் தூக்கமின்மை. இந்த வயதுக் குட்டி நாளைக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். ஆள் நடமாட்டமும் மகளின் சத்தமுமாக இருக்கிற வீட்டில் அது தானாகத் தூங்காது, களைத்துப்போய்க் கடிக்கும். மகள் பள்ளி விட்டு வருவதற்கு முன்னால் ஒரு மூலையில் சாக்கு விரித்து, யாரும் தொந்தரவு செய்யாமல் ஒன்றிரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போடுவதை நான் சொல்லவில்லை. அது கடியைக் கூட்டத்தான் செய்யும்.

மீதிப் பாதி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற உங்கள் ஊர்ச் சாரல். ஜூன் தொடங்கினால் மாதக்கணக்கில் விட்டுவிட்டுத் தூறுகிற ஊரில், வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் குட்டி வீட்டுக்குள்ளேயே வளர்ந்துவிடும். தூறல் குட்டியை ஒன்றும் செய்யாது. முற்றத்தில் பத்து நிமிடம் சுற்றவிட்டு, வந்ததும் நன்றாகத் துவட்டிவிடுங்கள். ஊசிகள் முடியும்வரை தெருநாய்கள் புழங்குகிற இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்தால் குட்டி தாங்காது. உள்ளே இருக்கும்போது அவித்த கோழித் துண்டுகளைப் பழைய துண்டில் சுருட்டி வைத்து மோப்பம் பிடித்து எடுக்கச் செய்யுங்கள். ஓட்டத்தைவிட இதில் சீக்கிரம் களைக்கும். பெரிய இனக் குட்டி என்பதால் படி ஏறி இறங்கவும் பைக்குக்குப் பின்னால் ஓடவும் விடக் கூடாது, வளர்கிற மூட்டு கெட்டுவிடும். ஈறு நமைச்சலுக்கு ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், குளிர்ந்த கேரட்டும் நல்லது. வேகவைத்த எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பழைய செருப்பும் வேண்டாம், புதுச் செருப்பு எது என்று அதற்குத் தெரியாது.

மகளுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். குட்டி துரத்தினால் ஓடாமல், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். ராஜபாளையம் வேட்டைக்கென்று வளர்த்த இனம், ஓடுவதைக் கண்டால் துரத்துவது அதன் பிறவிக் குணம். நின்றுவிட்டால் அதற்குச் சுவாரசியம் போய்விடும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியாக விடாதீர்கள்.

வெள்ளை நிறம், ரோஸ் மூக்கு என்று எழுதியிருந்தீர்கள். அதனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இந்த நிறத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததால் இந்த இனத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பது உண்டு. உள்காது வேலை செய்யவும் நிறமிச் செல்கள் வேண்டும். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். அப்படிப்பட்ட குட்டிக்கு, கடிபட்ட குட்டி கத்தியதும் கேட்டிருக்காது, உங்கள் மகள் கத்துவதும் கேட்காது. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் தள்ளி நின்று, தரை அதிராமல், ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். இரண்டு மூன்று தடவை வேறு வேறு நேரத்தில் செய்தும் காது அசையவில்லை, திரும்பவில்லை என்றால், ஊசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை தூங்குகிற குட்டியை யாரும் தொட்டு எழுப்ப வேண்டாம், திடுக்கிட்டால் கடித்துவிடும்.

கொடுத்துவிடுவதா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால் சில வாரங்களில் கடி மென்மையாவது தெரியும். சாப்பாட்டுத் தட்டருகே போனால் உடம்பு விறைத்து அசையாமல் முறைக்கிறது, உறுமுகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. காது கேட்கவில்லை என்று தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். கைச் சைகையிலேயே பழக்குவது எப்படி என்று விவரமாக எழுதுகிறேன்.